தழும்புக்கு ஒரு கையெழுத்து

என் மனைவியின் வயிற்றில், தொப்புளுக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு நேராக ஒரு தழும்பு உண்டு. அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அவள் அரிசி களைந்துகொண்டே, "எழுதுங்க. ஆனா ஒங்க கூத்தையும் கொறைக்காம எழுதணும்" என்றாள். ஆகவே இதில் என்னைப் பற்றி வரும் மோசமான பகுதிகளெல்லாம் அவள் உத்தரவின் பேரில் எழுதப்படுபவை. நல்ல பகுதி ஏதாவது தென்பட்டால் அது என் சொந்தச் சரக்கு.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. தென்காசியில் பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிள்ளை உண்டாகியிருந்தது. இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வாடகைக் கார் பிடித்து, திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊரார் பத்திரங்களை வரிவரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடித்தே பிழைப்பு நடத்துகிறவன், வாழ்நாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் புண்ணில் சீழ் வைத்தது. நாற்பது நாள் கட்டு மாற்றி, மெலிந்து, வீட்டுக்கு வந்தாள். ஐப்பசி மழையில் அவளுக்கு ஓர் இருமல் பிடித்தது. ஒரு மாதம் இருந்துவிட்டு இருமல் போனது. போகும்போது தழும்பின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனது.

எழுந்து நின்றால் எலுமிச்சம்பழம் வரும். படுத்தால் காணாமல் போகும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்படியில் நிற்கும்போது உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுத் தாளிப்பைத் தொடர்வாள். "எட்டிப் பாக்குது" என்பாள், ஏதோ பக்கத்து வீட்டுப் பூனையைச் சொல்வதுபோல. மாசி பிறந்தபோது எலுமிச்சம்பழம் நார்த்தங்காய் ஆகியிருந்தது. சேலைக் கட்டை மீறி வெளியே தெரிந்தது.

முதலில் அதைக் கண்டுபிடித்தவள் என் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் இடைப்பட்ட இரண்டு தெருவுக்கும் தெரியும். அவள் என் மனைவியைப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். மறுநாள் ஒரு கூடை மாங்காய் வந்தது. அதற்கு அடுத்த நாள் புளியங்குடியிலிருந்து ஒரு சித்தி கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழம் வந்தது. மசக்கைக்காரிக்குப் புளிப்பு அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் பலமாக உண்டு. ஆபீசில் சப்-ரிஜிஸ்திரார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று தெரியாமல் நானும் குலுக்கினேன்.

அக்கா வந்தபோது என் மனைவி அவளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"மதினி, இது பிள்ளை இல்ல. படுத்தா உள்ள போயிருது."

"படுத்தா உள்ள போற பிள்ளையும் உண்டுளா. நீ சும்மா இரி."

"கையால அமுக்குனா கொளகொளன்னு சத்தம் போடுது மதினி."

அக்கா சற்று யோசித்தாள். "அப்பம் கொடலு," என்றாள். உடனே அவள் முகம் மாறிவிட்டது. "கொடலெறக்கம் ஆம்பளையாளுக்குல்லா வரும்! ஒனக்கு எப்பிடிளா வந்துச்சு?" என்று கேட்டாள், ஆண்களுக்கு உரிய ஏதோ சொத்தை இவள் தன் பேருக்கு மாற்றி எழுதிக்கொண்டதுபோல. மாங்காய்க் கூடையை மட்டும் அவள் திருப்பி எடுத்துப் போகவில்லை. ஊறுகாய் போட்டோம்.

நான் படித்தவன். அதாவது, வீட்டில் புத்தகம் வைத்திருக்கிறவன். மலையை விட்டுச் சீமைக்குப் போன ஒரு தோட்டத் துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, சகல வியாதிகளையும் ஆங்கில அகர வரிசையில் விளக்கும் தடித்த வைத்தியப் புத்தகம் ஒன்றை வாங்கியிருந்தேன். கரையான் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, ஏழாவது எழுத்தோடு நிறுத்தியிருந்தது. குடலிறக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஹெர்னியா; அது எட்டாவது எழுத்து. ஆகவே எனக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் அதற்கு முன்னால் வரும் வியாதிகள். ஆபரேஷனுக்குக் கொடுக்கிற குளோரோபாரம் மூன்றாவது எழுத்தில் வருகிறது. அது ஐந்து பக்கம், முழுசாக இருந்தது. அதில் மூன்று பக்கம் அபாயங்கள்.

பங்குனியில் மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் இருக்கும். பேசுவது அச்சடித்த தமிழ். மனைவியைப் படுக்கவைத்துப் பார்த்தார். இருமச் சொன்னார். நிற்கவைத்து இருமச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தைத்த இடத்தில் உட்சதை சரியாகக் கூடவில்லை. சீழ் வைத்த புண்ணில் இப்படி நேரிடுவதுண்டு. அந்த இடைவெளியின் வழியாகக் குடல் புறப்பட்டு வருகிறது. படுக்கும்போது உள்ளே திரும்புகிறவரை பயமில்லை. திரும்பாமல் அகப்பட்டுக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. திறந்து, மறுபடியும் தைக்கவேண்டும். நீர் சம்மதிக்கிறீரா?"

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

"நான் சம்மதிக்கேன்" என்றாள் என் மனைவி, படுத்தபடியே.

டாக்டரம்மா அவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியில் புருஷன் கையெழுத்து இல்லாமல் கத்தி எடுப்பதில்லை. ஆபரேஷன் வரைக்கும் வயிற்றில் கட்டிக்கொள்ள ஒரு வாரையும் கொடுத்தார். கெட்டிக் காடாத்துணியில் தைத்து, நாலு பக்கிள் வைத்தது.

அந்த வாரைக் கட்டுவது ஒரு வித்தை. எழுந்திருக்கும் முன்பே கட்டவேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிதுக்கத்தை உள்ளே தள்ளி, மூச்சை வெளியே விட்டு, அப்புறம்தான் பக்கிள். நின்றபடி கட்டினால் குடலை வெளியே வைத்தே பூட்டியதாகிவிடும். தானே கட்டிக்கொள்ள அவளுக்குக் கை எட்டவில்லை. அக்கா கட்டிவிட வந்தாள். ஒரே நாள். பிள்ளை பெற்ற வயிற்றுக்குத் துணி சுற்றுகிற வழக்கப்படி அவள் நிற்கவைத்து இழுத்த இழுப்பில் என் மனைவி கண்ணீர் விட்டுவிட்டாள். அதன்பிறகு அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

தினமும் காலை, கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவோம். பேச்சு மட்டும்தான் வெளியே கேட்கும். மீதியை வெளியே இருப்பவர்கள் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

"மூச்சை விடு."

"விட்டாச்சு. இழுங்க."

"வலிக்குதா?"

"வலிக்கல. ஒங்க கை குளுருது. இன்னுங் கொஞ்சம் கீழ."

எதிர்வீட்டு வாத்தியார் ஒருநாள் நான் ஆபீஸ் போகும் வழியில் என்னோடு சேர்ந்துகொண்டார். "அண்ணாச்சி, கல்யாணமாகிப் பத்து வருசம் இருக்குமா?" என்றார். "ஆகப் போகுது" என்றேன். "குடுத்து வச்சவரு வே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. நான் விளக்கவில்லை. ஒரு மனிதனுக்கு எப்போதாவதுதான் தன் தகுதிக்கு மீறின பெயர் கிடைக்கிறது.

உண்மையைச் சொன்னால், அந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தினமும் கால் மணி நேரம் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டது அப்போதுதான். நாலு பக்கிளுக்குள் பருப்பு விலையிலிருந்து பிள்ளையின் பல் வரைக்கும் பேசி முடித்துவிடுவோம். நாலாவது பக்கிளில் அவள் கேட்பாள்: "கையெழுத்துப் போட்டாச்சா?"

போடவில்லை. காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

'என் மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யச் சம்மதிக்கிறேன். அதனால் ஏதேனும் நேரிட்டால் ஆஸ்பத்திரியார் பொறுப்பல்ல.' அவ்வளவுதான். முதல் தடவை படிக்காமலே போட்டவனுக்கு இப்போது படிக்க அவகாசம் இருந்தது. அவகாசம் கிடைத்தால் பயம் படித்தவன் வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஆபீஸில் குறைபாடுள்ள பத்திரத்தைத் திருப்பி அனுப்புவதுபோலவே, நான் டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். 'ஏதேனும்' என்பதற்கு எல்லை குறிப்பிடப்படவில்லை. கீறப்போகும் இடத்தின் நீள அகலம் காட்டப்படவில்லை. திரும்பத் தைத்த பின் மறுபடியும் பிதுங்காது என்பதற்கு உறுதிமொழி இல்லை.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. 'ஐயா, நீளம் ஒரு சாண். அகலம் தைத்த பின் இராது. மறுபடியும் வராது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். மனுஷர் அப்படி வாக்குக் கொடுக்கிறதில்லை. தாமதியாதேயும்.'

இதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான எழுதியிருக்கா? இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றாள்.

"சாரல் முடியட்டும்" என்றேன்.

இந்த இடத்தில் தென்காசிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்குக் குற்றாலம் மூன்று மைல். தலைவலி, மூட்டுவலி, பைத்தியம், மலட்டுத்தனம், மகனுக்குப் பரீட்சை, எது வந்தாலும் வைத்தியத்தை ஆனி ஆடி சாரல் முடிகிறவரை தள்ளிவைப்போம். முதலில் அருவிக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். அது கைவிட்டால்தான் டாக்டர். வெளியூர்க்காரன் குற்றாலத்துக்குக் குளிக்கத்தான் வருகிறான். நாங்கள் மனுப் போடப் போகிறோம்.

அக்காவும் இதில் என் கட்சி. "கல்லையே தேச்சு வழுவழுன்னு ஆக்கிப்போட்ட தண்ணியில்லாலே அது? ஒரு துண்டு சதைய அமுக்காதா?" என்றாள். மேலிருந்து விழும் நீரின் கனத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கும் ஞாபகம் வந்தது. அதை இரண்டு மூன்று ஆங்கில வார்த்தைகளோடு எடுத்துச் சொன்னேன். பயந்தவனுக்குச் சாஸ்திரம் கிடைத்துவிட்டால் அவனை யாரும் அசைக்க முடியாது. என் மனைவி மட்டும், "வாரைக் கழத்திட்டுப் போய்த் தண்ணிக்குள்ள நிக்கணுமாக்கும். டாக்டரம்மா சொன்னாளா?" என்றாள். டாக்டரம்மா சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு சாரலாக அருவியைப் பார்க்காதவள் அவள். குற்றாலம் என்றதும் மறுக்க மனம் வரவில்லை.

ஆடி முதல் வாரத்தில், பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, அக்காவும் நாங்களுமாக வில்வண்டி கட்டிக்கொண்டு போனோம். நல்ல சாரல். மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. பேரருவியில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வார் நனைந்தால் இரண்டு நாள் காயாது என்பதால் அதைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி தண்ணீருக்குப் போனாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் அவள் தண்ணீருக்குள் நுழைவதும், தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று யாரிடமோ மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

அவள் வெளியே வந்தாள். ஈரச் சேலையோடு காற்றில் நின்றாள். மூன்று தும்மல் தும்மினாள். அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

அக்கா போட்ட சத்தம் அருவியையும் மீறிக் கேட்டது. நான் ஓடினேன். எண்ணெய் உடம்பு, இடுப்பில் ஒரு துண்டு, காலுக்கடியில் பாசி. பெண்கள் பக்கத்தை எட்டுமுன் நாலைந்து பேர் வழி மறித்துவிட்டார்கள்.

"ஏய், பொம்பளையாளு குளிக்கிற எடம்! கண்ணு தெரியலையா ஒமக்கு?"

"என் சம்சாரம்..."

"எல்லாவனும் இப்பிடித்தாஞ் சொல்லுதான்! போவும் அங்கன!"

அருவிச் சத்தத்தில் மெதுவாகச் சொல்ல முடியாது. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "என் பெண்டாட்டிக்குக் கொடல் வெளிய வந்துட்டும்மா!"

அந்த நிமிஷத்திலிருந்து என் குடும்ப ரகசியம் குற்றாலம் பூராவுக்கும் சொந்தம். வழி மட்டும் விட்டார்கள்.

அவள் பாறையில் சுருண்டு கிடந்தாள். பிதுக்கம் கல்லாக இருந்தது. தள்ளினால் போகவில்லை. முகம் வெளுத்திருந்தது. அக்கா வாரை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். எட்டாவது எழுத்து வரைக்கும் எனக்குப் புத்தகம் இருந்திருந்தாலும் அப்போது ஒன்றும் ஓடியிருக்காது. குளிக்க வரும் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருத்தி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னை ஒரு கையால் ஒதுக்கினாள்.

"அமுக்காதீரும் வே. பிஞ்சிரப் போவுது. தாயி, மல்லாந்து படு. காலை மடக்கு. முக்காத. வாயத் தொறந்து மூச்சு விடு. என்னையவே பாரு."

எங்கள் காலைப் பாடம்தான். ஆனால் அதை மறந்து நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெய்க்காரி என் மனைவியின் தலைக்கு ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, காலைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். எந்த ஊரு, எத்தனை பிள்ளை, பேரு என்ன. வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆகியிருக்கும். எனக்கு ஒரு சாரலே கடந்துபோனது. திடீரென்று என் மனைவி பெருமூச்சு விட்டாள். "உள்ள போயிட்டு" என்றாள்.

படுத்தபடியே வாரைக் கட்டினேன். ஒரு பக்கிளைத் தவறான துளையில் மாட்டினேன். அவளே சரிசெய்தாள்.

திரும்பும்போது வண்டியில் அவளைப் படுக்கவைத்திருந்தோம். அக்கா வண்டிக்காரன் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என் மனைவி கேட்டாள்:

"நான் செத்துப் போவேன்னு பயமா ஒங்களுக்கு?"

ஐந்து மாதமாக இந்தக் கேள்வி வராமலிருக்கத்தான் நான் கடிதம், சாரல் என்று நாளைக் கடத்தினேன். "ஆமா" என்றேன்.

"எனக்கும் பயந்தான். ஆனா இன்னைக்கு அந்தப் பாறையில கெடக்கையில ஒண்ணு தோணிச்சு. கத்தியில சாவுததா இருந்தா அங்கன டாக்டரம்மா இருப்பா. இங்கன யாரு இருக்கா? ஒங்கக்கா இருக்கா."

"நா என்னளா பண்ணேன்?" என்றாள் அக்கா.

"நீங்க ஒண்ணும் பண்ணல மதினி. அதைத்தாஞ் சொல்லுதேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு எண்ணெயைக்கூடக் கழுவவில்லை. வைத்தியப் புத்தகத்துக்குள் வைத்திருந்த சம்மதக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு ரயிலேறினோம். டாக்டரம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் என் பெருவிரல் எண்ணெய்க் கறையாகப் பதிந்திருந்தது. "கையெழுத்தும் உண்டு, ரேகையும் உண்டு. இனி நீர் மறுக்க முடியாது" என்றார். அருவி விஷயத்தைச் சொன்னோம். அவர், "நீர் படித்தவரா?" என்று மட்டும் கேட்டார்.

நாலாம் நாள் ஆபரேஷன். இரண்டு மணி நேரம் வராந்தாவில் இருந்தேன். நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தைப் பற்றிச் சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. அதை அறுபது தடவை படித்தேன். தேதி இருந்தது, யார் கையெழுத்தும் இல்லை. வேறு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். அன்றைக்கு எதற்கும் எல்லை கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. குளோரோபாரத்தின் மூன்று பக்கமும் மனப்பாடமாக வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் சுவரைப் படித்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "முடிந்தது. கெட்டியாகத் தைத்திருக்கிறேன். மயக்கம் தெளிகையில் உம்முடைய மனைவி, இனிமேல் வார் வேண்டாம் அல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உறங்கிவிட்டாள்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான். கூடவே ஓர் ஓரத்தில், இனிக் காலையில் கால் மணி நேரம் என்ன செய்வது என்றும் தோன்றியது. அதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

இந்தத் தடவை புண்ணில் சீழ் வைக்கவில்லை. மூன்று வாரம் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா எனக்கு உத்தரவு போட்டார்: ஆறு மாதம் அவள் குடம் தூக்கக்கூடாது, உரலில் இடிக்கக்கூடாது, பிள்ளையை இடுப்பில் வைக்கக்கூடாது. "யார் செய்வார்கள் என்று நீர் யோசித்துச் சொல்லவேண்டாம். நீரே செய்யும்" என்றார்.

செய்தேன். எங்கள் தெருக் கிணற்றில் ஆண்கள் நீர் இறைத்துக் குளிப்பதுண்டு; வீட்டுக்குக் குடம் சுமந்து போவது கிடையாது. முதல் நாள் நான் குடத்தோடு போனபோது பெண்களெல்லாம் வாளியை நிறுத்திவிட்டு ஒதுங்கி இடம் விட்டார்கள். அது மரியாதை இல்லை. வேடிக்கை பார்க்க வசதி.

"அண்ணாச்சி, தோள்ல வைக்காதீக. வழுக்கும். இடுப்பக் கொஞ்சம் ஒடிச்சு வைங்க."

"ஏட்டி, அவுகளுக்கு இடுப்பு எங்க இருக்கு ஒடிக்க?"

இடுப்பை ஒடித்தேன். பாதித் தண்ணீர் வேட்டியில் போனது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். "அரை மணி நேரம். அரைக் கொடம்" என்றாள். பிள்ளை கைதட்டியது. எதிர்வீட்டு வாத்தியார் வெளியே வந்து என்னைப் பார்த்து, என்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயத்தை அப்போதே மாற்றிக்கொண்டார்.

மாசியில் டாக்டரம்மா அவளை மறுபடியும் நிற்கவைத்து இருமச் சொன்னார். அவள் இருமினாள். இன்னும் பலமாக என்றார். இன்னும் பலமாக இருமினாள். தழும்பு அசையாமல் இருந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "எதை வேண்டுமானாலும் தூக்கு" என்றார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது குடங்கள் இல்லை. அவள் கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைக் கட்டைத்தான் பார்த்தேன். அங்கே ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.

"என்ன அங்கன பாக்குதீக? வழிய விடுங்க" என்றாள்.

விட்டேன். ஆனால் காலுக்குப் பழகிவிட்டது. காலியாக இருந்த இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு நானும் கிணற்றடிக்குப் போனேன்.

"ஒரு கொடம் போதும்," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சிந்தாம கொண்டாங்க."